எடைக்குறைப்பின் பீங்கான் கோட்பாடு: விருத்தாசலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: நோக்கமும் களமும்

"என்னங்க, இளைச்சுட்டீங்களே!" என்று கேட்பவர் ஊருக்கு நூறு பேர் உண்டு. இளைத்தது எது, அது எங்கே போயிற்று என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. தமிழாய்வுலகின் இப்பெருங்குறையைக் களைய எழுந்ததே இக்கட்டுரை. களம் விருத்தாசலம். இவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலில் கோபுரம் 5, கொடிமரம் 5, தீர்த்தம் 5, தேர் 5. ஆகவே கட்டுரைக்கும் இயல் 5. முறையியலுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவோர் வேறு கட்டுரை பார்த்துக்கொள்க.

இயல் 2: முன்னோர் முடிபுகள்

சோற்றைக் குறைத்தால் தொப்பை குறையும் என்பதை முதலில் ஊரறியச் சொன்னவர்களுள் முக்கியமானவர் லண்டன்காரர் வில்லியம் பாண்டிங். தொழில், இறுதிச் சடங்கு ஏற்பாடு. அரச குடும்பத்துச் சாவுக்கும் இவர் குடும்பம்தான் பெட்டி செய்தது. சுமப்பவர் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு எடையைப் பற்றிய அக்கறை வந்ததில் வியப்பில்லை. 202 பவுண்டு இருந்தவர், வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தினார். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ குறைந்தார். 1863இல் அதைச் சிறு நூலாகவே எழுதிவிட்டார். இளைத்தவன் சும்மா இருக்கமாட்டான் என்னும் விதிக்கு இதுவே பழஞ்சான்று.

இயல் 3: களத்தின் எதிர்ப்பு

அதே கொள்கை இன்று தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் உலவுகிறது. அதன்படி காலையில் பாதாம் 100 எண்ணிக்கை. முந்திரி கூடாது, 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 30 கிராம். மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் கூடாது; அது பருப்பினம். விருத்தாசலமோ இவ்விரண்டுக்கும் பேர்போன ஊர். இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ-3 என்று முந்திரியையும் வி.ஆர்.ஐ-2 என்று நிலக்கடலையையும் நாட்டுக்குத் தந்திருக்கிறது. கையெட்டும் தூரத்தில் காய்ப்பது விலக்கு, கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வருவது விதி. விரதம் என்றாலே கொஞ்சம் செலவு வைக்கத்தான் செய்யும்.

சோற்றின் நிலை இன்னும் மோசம். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து 28 கிராம். ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு என்றால் 84 கிராம். கடுமையான விரதத்தில் நாள் முழுவதற்கும் அனுமதி 50 கிராமுக்குள். ரசத்துக்கு வருமுன்பே விரதம் முறிந்துவிடுகிறது என்க.

பாலக்கரை டீக்கடையில் தகவலாளி ஒருவர் நோக்கப்பட்டார். "மாஸ்டர், சர்க்கரை போடாம ஒரு டீ" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். டீ வருவதற்குள் இரண்டு மசால்வடை தாளில் எண்ணெயை ஒற்றிவிட்டு உள்ளே போயின. காரணம் வினவப்பட்டபோது அவர் தந்த விளக்கம்: "பருப்புதானேண்ணே, இது என்ன சோறா?" இது விரதிகளிடையே பரவலாகக் காணப்படும் உரைமரபு.

இயல் 4: பீங்கான் கோட்பாடு

இனி மையக் கருத்து. விருத்தாசலம் பீங்கான் ஊர். வார்த்தெடுத்த ஈரப் பொம்மையைக் காயவைத்தால் எடை குறையும், உருவமும் சற்றுச் சுருங்கும். போனது தண்ணீர் மட்டுமே. மண் அப்படியே இருக்கிறது. சூளையில் 500, 600 டிகிரி ஏறும்போதுதான் மண்ணோடு வேதியியலாய்ப் பிணைந்த நீர் வெளியேறும். தூய வெள்ளைக் களிமண்ணில் அது எடையில் ஏறத்தாழ 14 சதவீதம்.

விரதியும் அவ்வாறே. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சுமார் அரைக்கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதல் வாரத்தில் கரைவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பும் தண்ணீரும்தான். இரண்டு கிலோ போயிற்று என்று பேண்ட்டை இழுத்துக் காட்டுகிறவர் காட்டுவது காய்ந்த பொம்மையைத்தான். சூளை இனிமேல்தான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தாலும் அது கரைய 15 நாள் ஆகும்.

கோட்பாட்டின் ஒரே குறை: சுட்ட பொம்மை மறுபடி களிமண்ணாகாது. மனிதன் ஒரு கல்யாணப் பந்தியிலேயே ஆகிவிடுவான்.

இயல் 5: மணிமுத்தாற்று விதியும் முடிபும்

திரும்பி வருவதற்கும் இவ்வூரிலேயே முன்மாதிரி உண்டு. இங்கே பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தல வரலாறு. விருத்தாசலத்தில் இழந்த எடையைத் திருவாரூர்க் கல்யாணத்தில் பெற்றவர்கள் இன்றும் உளர். ஆனால் சுந்தரர் முன்யோசனைக்காரர். மாதிரிக்கு மச்சம் வெட்டி வைத்திருந்தார்; குளத்தில் கிடைத்ததை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்தது தெரிந்தது. விரதியிடம் மச்சம் இல்லை. போகும்போது கொழுப்போடு தசையும் போகிறது. வரும்போது பெரும்பகுதி கொழுப்பாகவே வருகிறது. தராசுக்கு மாற்றுப் பார்க்கத் தெரியாது.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைப்பது வீணா? இல்லை. 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. இரண்டு வழியும் வழிதான், கடைசிவரை நடப்பவனுக்கு. நம் ஊர்ச் சிக்கல் வேறு: நமக்குக் கிடைக்கும் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்தே தருகிறது, பெரும்பாலும் அரிசி, கோதுமை, சர்க்கரை வழியே. பாண்டிங் அளவுக்குப் போகாவிட்டாலும் இதைக் குறைக்க இடம் நிறைய இருக்கிறது.

ஆகவே இவ்வாய்வின் முடிபு: சோற்றை ஒழிக்க வேண்டாம், இலையில் அதன் இடத்தைச் சுருக்குங்கள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பருப்போ கீரையோ கூட்டுங்கள், முட்டை உண்பவர் முட்டையும் சேருங்கள். பத்து ஆண்டு தொடர முடியாததைப் பத்து நாள் செய்யாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கவே கூடாது. சோறு குறைந்து மருந்து குறையாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். இந்தக் கட்டுரையில் வேடிக்கையில்லாத பகுதி இது ஒன்றுதான்.