யார் யாருக்குக் கைதி?

கேள்வி: ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில் யார் யாருக்குக் கைதி?

பதில்: முதல் பாதியில் பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், ஜப்பானியக் கர்னல் சைட்டோவின் கைதி. பிற்பாதியில் இருவருமே பாலத்தின் கைதிகள்! எதிரிக்காகக் கட்டும் பாலத்தைப் பெற்ற பிள்ளைபோல் நேசிக்கத் தொடங்கிவிடுகிறார் நிக்கல்சன். அந்தப் பித்தை நம்பவைத்த அலெக் கின்னஸுக்கு ஆஸ்கர். படத்துக்கு மொத்தம் 7.

1957-இல் வந்த இந்த டேவிட் லீன் படத்துக்காகப் பாலம் எழுந்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல்.

படத்துக்குப் பின்னணியான, ஜப்பானியருக்காகப் போடப்பட்ட நிஜ சயாம்–பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கி.மீ. 1942-43-இல் அதைப் போட்டபோது மாண்ட போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு மடிந்தார்கள். அவர்கள் கதையைப் படம் சொல்லவே இல்லை.