விளக்கு எரியுதுங்களே!

சேலம் அம்மாபேட்டையில் தறி நின்றால் நெசவாளி முதலில் அறுந்த இழையைத் தேடுவார். அதே தெரு ஜவுளிக் கடையில் பில் போடும் சர்வர் படுத்தால், முதலாளி முதலில் தேடுவது சாப்ட்வேர்காரரின் போன் நம்பரை.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் கணக்குப் புத்தகம் பரண் ஏறியது. சர்வர் சாமி படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. ஆயுதபூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. அதை இணைக்கும் நெட்வொர்க் கேபிளுக்குத்தான் நாதியில்லை. காசை மிச்சம் பிடிக்கச் செம்பு பூசிய அலுமினியக் கம்பி. அதுவும் பின்கட்டு குடோன் வரை கரண்டு ஒயரோடு ஒட்டி உறவாடிக்கொண்டே போகும்.

அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. நூறு மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பல சமயம் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். "விளக்கு எரியுதுங்களே, அப்புறம் என்னங்க?" என்பான் கடைப் பையன். உடனே சர்வருக்கு ராம் மெமரி கூட்டப்படும், புது சுவிட்ச் வரும், வாசலில் எலுமிச்சம்பழமும் தொங்கும். பில் மட்டும் நகராது.

கேபிள் டெஸ்டர் சில நூறு ரூபாய்தான். ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறதா? எரியாத எண்ணில்தான் கோளாறு. கேபிள் ஒரே இழுப்பில் நூறு மீட்டரைத் தாண்டவும் கூடாது. சர்வரைப் பிரித்து மேயும் முன், அதன் முதுகுப் பக்கம் கொஞ்சம் குனிந்து பாருங்கள் முதலாளி.