மடக்குக் கத்தியின் ஆயுளும் மனிதரின் நெம்பும் வேட்கையும்: ஒரு முன்னாய்வு

மடக்குக் கத்தி எதனால் கெடுகிறது என்ற வினாவை இதுவரை ஆராய்ந்தோர் எஃகை மட்டுமே விசாரித்தார்கள். பெயிண்ட் டப்பாவை யாரும் விசாரிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்டி வெட்டிச் செத்த கத்தி அரிது. வெட்டினால் வாய் மழுங்கும். சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மீண்டுவிடும். கத்தி உடைவதெல்லாம் அது வெட்டாத நேரத்தில்தான். முதுகிலிருந்து வாயை நோக்கி இறங்கும் விசையைத் தாங்கவே அலகு செய்யப்படுகிறது. மூடிக்கடியில் செருகிப் பக்கவாட்டில் நெம்பினால் முனை தெறிக்கிறது. முனை தப்பினால் பாரமெல்லாம் மடங்கும் இடத்திலுள்ள ஒற்றைத் தறையாணிக்குப் போகிறது. ஆணி தளர்கிறது, அலகு ஆடுகிறது. 'இப்பல்லாம் இரும்பே சரியில்லை' என்று உரிமையாளர் தீர்ப்பு எழுதுகிறார்.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப் பிடி மடக்குக் கத்திக்குச் சுமார் 2,500 வயது. அதன் சொந்தக்காரர் காலத்தில் பெயிண்ட் டப்பா இல்லை என்பதை ஆய்வுலகம் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

மனித இயல்பை முதலில் ஒத்துக்கொண்ட பெருமை சுவிஸ் ராணுவத்துக்கே. 1889-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி வேண்டும். உணவு டின்னைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். கொடுக்காவிட்டால் சிப்பாய் எதைக் கொண்டு திருகுவான் என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1891-இல் வந்த சிப்பாய்க் கத்தியில் அலகோடு குத்தூசி, டின் திறப்பான், திருப்புளி மூன்றும் இருந்தன. அந்தக் கத்தியைச் செய்து தர முன்வந்த இபாக் ஊர்க் கார்ல் எல்செனர், 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தியில் தக்கைத் திருகியும் சேர்த்தார். ஒயின் புட்டியை அலகு முனையால் குடைந்த அதிகாரிகள் எத்தனை பேரோ!

அவருடைய வாரிசுகளின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் இன்றும் இந்த ஞானத்தை உலைக்களத்தில் பின்பற்றுகிறது. ராக்வெல் அளவில் அலகின் கடினம் 56. திருப்புளிக்கும் டின் திறப்பானுக்கும் 52. ஸ்பிரிங்குக்கும் தக்கைத் திருகிக்கும் 49. கடினம் கூடினால் கூர்மை நிற்கும், ஆனால் வளைத்தால் ஒடியும். குறைந்தால் வளைந்து கொடுக்கும், கூர் நிற்காது. ஒரே கத்திக்குள் மூன்று குணம் கொண்ட எஃகுகள் குடித்தனம் செய்கின்றன. அப்படியிருந்தும் அவசரத்தில் விரல் முதலில் இழுப்பது பெரிய அலகைத்தான். இதற்கு உலோகவியலில் தீர்வு இல்லை.

சவோய்ப் பள்ளி நேர் எதிரானது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தியில் ஒரே அலகு, ஒரு மரப்பிடி, ஓர் ஆணி. திருப்புளி கேட்டால் கிடையாது. பயன்பாட்டில் இருக்கும்போதே அலகு விரல்மேல் மடங்காதிருக்க, 1955-இல் மார்செல் ஒப்பினெல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். மழையில் நனைந்து பிடி ஊதினால் அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். சவோய்க்காரர் அதை நெம்புவதில்லை. பிடியின் அடியைக் கல்லிலோ மேசையிலோ ஒரு தட்டுத் தட்டுகிறார், அலகு எட்டிப் பார்க்கிறது. நெம்பாமலும் ஒரு நாகரிகம் வாழ முடியும் என்பதற்கு நம்மிடமுள்ள ஒரே சான்று இதுவே.

ஆயுளை அளப்பதிலும் சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரர் சொல்லும் 'ழானோவின் கத்தி'க்கு முதலில் அலகு மாறியது, பிறகு பிடி மாறியது. ழானோவுக்கு அது பழைய கத்திதான். இந்த முறையில் கணக்கிட்டால் உலகில் எந்தக் கத்தியும் இதுவரை கெட்டதில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்னும் ஒரு படி மேலே போய், பிடி காணாமல் போன, அலகில்லாத கத்தியொன்றைத் தம் கற்பனைப் பட்டியலில் சேர்த்தார். கடும் பயன்பாட்டுச் சோதனைகள் அனைத்திலும் அதுவே முதலிடம் பெறுகிறது. பக்கத்து வீட்டார் இரவல் கேட்கும் அபாயமும் இல்லை.