கொடி இறக்காத குடும்பம்

கேள்வி: குடும்பத்தோடு பார்பெக்யூ உணவகம் போகிறோம். கொடுக்கிற காசுக்கு நிறைவாகச் சாப்பிடுவது எப்படி? – ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: வார நாளில் மதியம் போங்கள், ஞாயிறு இரவைவிடப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. சைவத்துக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு. ஆனால் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லிப் பார்க்காதீர்கள். "எனக்குப் பத்து முடிஞ்சிருச்சு அங்கிள்" என்று அதுவே போட்டு உடைக்கும்.

மேஜை நடுவே கரி அடுப்பு இருக்கும். பல கடைகளில் பக்கத்தில் ஒரு குட்டிக் கொடியும் வைப்பார்கள். அது நிமிர்ந்து நிற்கும்வரை இறாலும் கோழியும் பன்னீரும் கம்பி கம்பியாக வந்துகொண்டே இருக்கும், சாய்த்தால்தான் நிறுத்துவார்கள். மசாலா தடவிய உருளைக்கிழங்கும் சோளமும் வந்தால் மரியாதையாக ஒன்றோடு நிறுத்துங்கள். கடைக்காரருக்கு இறாலைவிட அவை மலிவு, உங்கள் வயிற்றுக்கோ கனம். காலையிலிருந்து பட்டினி கிடப்பதும் வீண். அந்தப் பசி கண்ணில்தான் இருக்கும், நாலாவது கம்பியிலேயே மூச்சு வாங்கும்.

பிறந்தநாள் என்று சொன்னால் பல இடங்களில் கேக்கோடு வந்து பாடுவார்கள். கூச்சப்படுபவர் யாரோ அவர் பெயரைக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து குல்ஃபி வரும் நேரத்தில் மாமனார், "தம்பி, ஒரு கை தயிர்சாதம் கிடைக்குமா?" என்பார். பெரும்பாலும் கிடைக்கும். எல்லாரும் கொடுக்கும் அதே கட்டணத்துக்கு!