டால்பின் மட்டும்தான் பாக்கி

கடலுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சாயப்பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். கைப்பிடி உப்பு அல்ல. அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரை கொட்டுவார்கள். கடல்நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான். அதாவது நம் சாப்ட் ப்ளோ மெஷினுக்குள் சுற்றுவது கடலைவிடப் பெரிய கடல். கடற்கரையிலிருந்து லாரி லாரியாக உப்பை ஏற்றிக்கொண்டு வந்து, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் மேலே, வானம் பார்த்த கொங்குச் சீமையில் ஒரு கடலைச் செய்தோம். பகீரதன் கங்கையைக் கீழேதான் இறக்கினான். நாம் சமுத்திரத்தையே மேலே ஏற்றியவர்கள்.

இந்தக் கடலில் பிறந்த டால்பின்களை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். நீளமான பிரிண்டிங் டேபிளில் டீ-ஷர்ட் கட்டிங் பீஸ்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும். ஒருவன் முதல் ஸ்கிரீனை வைத்து ரப்பர் பட்டையால் மையை இழுத்துக்கொண்டே போவான்; முதுகு விழும். பின்னால் வருகிறவன் வெளிறிய சாம்பலில் வயிற்றை இழுப்பான். அப்புறம் அலை. கடைசி ஸ்கிரீனில் இருப்பது கண்ணுக்குள் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அது விழுந்ததும் டால்பினுக்கு உயிர் வந்துவிடும். அடியில், கடலைக் காப்பாற்றுங்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. பட்டை இழுக்கிற பையன் ஒடிசாக்காரன். அவன் மாநிலத்துச் சிலிகா ஏரியில் நிஜமான டால்பின்கள் இருக்கின்றன. நீ பார்த்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. பீஸ் ரேட்டில் நிற்கிறவனை நிறுத்திவைத்துக் கேட்கிற கேள்வியா அது?

டால்பின் நீந்துகிற துணிக்குப் பையர் கேட்கும் நிறம் ஒன்று உண்டு. தீவுகளின் போஸ்டரில் வருமே, பச்சை கலந்த நீலம். டர்க்காய்ஸ். பேரைச் சொன்னாலே டையிங் மாஸ்டர் முகம் சுளிப்பார். பெரிய மூலக்கூறு, நடுவில் செம்பு வேறு. நூலுக்குள் லேசில் இறங்காது. 80 டிகிரிக்குச் சுடவைத்து, உப்பைக் கூட்டிப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி இறக்க வேண்டும். அப்படியும் ஒட்டாமல் நழுவுகிற சாயம் நிறைய. ஒரு வாஷ், இன்னொரு வாஷ், சோப்பு வாஷ், மறுபடியும் வாஷ். சுத்தமான கடலின் நிறத்தைத் துணிக்குக் கொண்டுவரத்தான் இத்தனை அழுக்குத் தண்ணீர்.

தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்து, மறுசுழற்சி அட்டையில் டேக் மாட்டி, சரக்கு கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி போகிறது. அங்கிருந்து கப்பல் நகர்கிற கடல் மன்னார் வளைகுடா. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன கடல். கணக்குக்கு 21 தீவுகள். அதில் இரண்டு இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் மூழ்கியவை. கப்பலுக்குக் கீழே உயிருள்ள ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், போகின்றன. மேலே, பாலிதீன் பைக்குள் மடித்துவைத்த ஓங்கில்கள் போகின்றன. இன்சூரன்ஸ் மேலே போகிறவற்றுக்குத்தான்.

தெரிந்த ஏற்றுமதியாளர் ஒருவர் குடும்பத்தோடு கற்பிட்டி போய் வந்தார். பேர் வேண்டாம், மொய் எழுதுகிற உறவு. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடமேற்குக் கரையில் இருக்கிறது கற்பிட்டி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை விடிகாலையில் படகேறினால் சுழல் டால்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளும். திரும்பும் வழியில் பவளத்திட்டுப் பக்கம் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதக்கலாம். போனில் வீடியோ காட்டினார். "பாருங்ணா, தண்ணி எப்படி இருக்குதுன்னு! அடியில போற மீனு செதில எண்ணலாமுங்ணா." வீடியோவில் ஏழெட்டுப் படகுகள் ஒரு டால்பின் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, கல்யாண வீட்டு போட்டோகிராபர்களைப் போல முண்டியடித்துக்கொண்டிருந்தன. யாரோ சிப்ஸ் பாக்கெட்டைக் கடலில் போட்டதற்கு இவர் சண்டை பிடித்தாராம். "நம்மாளுகளுக்குத் தண்ணியோட அருமை தெரியறதில்லீங்ணா."

அவருக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை உண்டு. தண்ணியின் அருமை தெரியாமல் இருக்க வழியில்லை. உள்ளே வருகிற தண்ணிக்கு மாதாமாதம் பில் கட்டுகிறவர் ஆயிற்றே.

டால்பினுக்குக் கொடுத்துவைத்த காலம் இது. 2013-ல் மத்திய அரசு, டால்பின்களைத் தொட்டியில் அடைத்து வித்தை காட்டும் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை விட்டது. அவற்றின் அறிவைப் பார்த்தால் 'மனிதரல்லாத நபர்' என்றே கருத வேண்டும் என்கிற கருத்தும் அதில் இருந்தது. ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் சுழல் டால்பினுக்கு 50 கெஜத்துக்குள் ஆளும் போகக்கூடாது, படகும் போகக்கூடாது. ராத்திரி வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கிற ஜீவன், அதன் தூக்கம் கெடக்கூடாதாம். நல்ல சட்டம். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தகரக் கூரைக்கடியில் எட்டுப் பேரோடு பகலில் புரள்கிறவனுக்கும் யாராவது ஐந்து கெஜம் அளந்து கொடுத்தால் தேவலை, அவ்வளவுதான். நொய்யல் ஆற்றின் கடைமடைக்காரர்கள் கதை இன்னும் மோசம். டால்பின் மனிதரல்லாத நபர் என்றால், இவர்கள் நபரல்லாத மனிதர்கள்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூர்க் கோயிலைத் தொட்டு, கோவையைக் கடந்து, திருப்பூருக்குள் நுழைந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. நடுவில், சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்காக. வயலுக்குத் தண்ணீர் வருவதற்குள் திருப்பூருக்கு டாலர் வந்துவிட்டது. மேலே கழுவியதெல்லாம் கீழே தேங்கியது. உலகத்தில் எங்கும் குடியானவன் அணையில் தண்ணீரைத் தேக்கு என்றுதான் போராடுவான். ஒரத்துப்பாளையத்தான் ஒருத்தன்தான், தேக்காதே, தயவுசெய்து திறந்துவிடு என்று கோர்ட் வாசலில் நின்றவன். கிணறு நிறம் மாறியது. ஆடு மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோர்ட் உத்தரவின்பேரில் 2005-ல் அணையைக் காலி செய்தபோது டன் கணக்கில் செத்த மீன் கிடந்தது. அன்றைக்கு ஒரு டால்பின் வழிதவறி வந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பஞ்சமிருந்திருக்காது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆற்றுக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டது. வெளியே விடுகிற கழிவுநீருக்கு 2007 ஜனவரியிலிருந்து லிட்டருக்கு 6 காசு. ஏப்ரலிலிருந்து 8 காசு. ஜூனிலிருந்து 10 காசு. ஜூலை முடிவதற்குள் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் கால் லிட்டர் விடுவதற்கு இதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டுத்தான் நாமெல்லாம் வெளியே வருகிறோம். இந்த ஆறு காசை விதித்த தீர்ப்பையும் எதிர்த்துச் சாயப்பட்டறைக்காரர்கள் டெல்லிக்குப் போனார்கள், மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற வக்கீல்களை வைத்துக்கொண்டு. 2009-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். தோற்ற பிறகும் ஆறு நேற்றைக்குச் சிவப்பு, இன்றைக்கு நீலம் என்று ஓடியது. எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் பொறுமை இழந்து, 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது.

அன்றைக்குத் திடீரென்று எல்லோருக்கும் தொழிலாளி ஞாபகம் வந்தது. ஐயோ, பல லட்சம் குடும்பங்கள், அவர்கள் அடுப்பு எரிய வேண்டாமா என்று மைக் பிடித்தார்கள். ஆற்றுக்கு வழக்கு வந்தால் இந்த ஊரில் தொழிலாளி பல லட்சம். சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தை வந்தால் அதே லட்சம் பேரும் கான்ட்ராக்டர் ஆட்கள். பி.எப். கணக்கில் தேடினால் பாதிப் பேர் பிறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஆர்.ஓ. வந்தது, எவாப்பரேட்டர் வந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசின் வட்டியில்லாக் கடன் வந்தது. தண்ணீரைத் திருப்பி எடுக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கரண்ட் பில்லுக்கு நகையை அடகு வைத்து மெஷினை ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் ராத்திரி கழிவுநீர் வால்வைத் திறக்கிறவனோடு அதே ரேட்டுக்கு மோதுவது அவர்கள் தலைவிதி. பையருக்கு இரண்டு பேரும் ஒன்று. கடலைக் காப்பாற்றச் சொல்லி நெஞ்சில் அச்சடிக்கச் சொன்ன அதே மனிதர், பீஸுக்கு இரண்டு சென்ட் குறைத்தவனுக்கு ஆர்டரைத் தூக்கிக் கொடுப்பார். அவர் அனுப்புகிற ஆடிட்டர் தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார், பட்டறைக்குப் பின்பக்கம் போக மாட்டார். பின்பக்கம் போக ஷூ சரியில்லை. சுத்திகரித்த பிறகு மிஞ்சுகிற கலவை உப்பு எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். அது எங்கேயும் போவதில்லை. ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிறது. கடல் நமக்குப் போதாமல் உப்பளமும் வைத்துவிட்டோம்.

நொய்யலில் மழை வந்தால் நுரை வரும். பாலத்துக்கு மேலே பஞ்சு மாதிரி பறந்து பைக்கில் போகிறவன் முகத்தில் அப்பும். 2017-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன் இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்: கோவைக்காரர்கள் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள், அந்த நுரைதான் வருகிறது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் இன்னொரு அமைச்சர், செல்லூர் கே.ராஜு, வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் போட்டு மூடினார். தமிழக நீரியல் ஆராய்ச்சிக்கு 2017 ஒரு பொற்காலம். ஆட்சி மாறிவிட்டது, நுரை மாறவில்லை. கோவையில் இன்னும் குளிக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகவே அரசுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் என் விண்ணப்பம். கற்பிட்டி எதற்கு, மாலத்தீவு எதற்கு, நம் அந்நியச் செலாவணியை நாமே ஏன் அடுத்தவன் கடலில் கொட்ட வேண்டும்? ஒரத்துப்பாளையத்தில் படகுத்துறை கட்டுங்கள். உப்பு தயார், நிறம் தயார், அலை இல்லாத குறைக்கு நுரை தயார். கற்பிட்டிக்கு நவம்பர் சீசன் என்றால் நமக்கு முதல் மழை சீசன்; வால்வுக்காரர்கள் வானத்தைப் பார்த்துத்தான் திறப்பார்கள் என்பதால் வானிலை அறிக்கையை வைத்தே டிக்கெட் புக் செய்யலாம். கட்டணம் லிட்டருக்கு 6 காசு, கோர்ட்டே நிர்ணயித்தது. டால்பின் மட்டும்தான் பாக்கி. ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட்டுகளைத் தெர்மாகோலில் சுற்றி மிதக்கவிட்டால் தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது?

இந்தத் திட்டத்தை அணைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. விசாரித்தார்.

"ஏங்கண்ணு, அது உப்புத்தண்ணியில பொழைக்குமா?"

"உப்புத்தண்ணியிலதானுங்க பொழைக்கும்."

"அப்ப பொம்மை எதுக்கு? நெசத்தையே கொண்டாந்து உடச் சொல்லு. நம்ம கெணத்துல உட்டாலுஞ் செரி. மாடுதான் குடிக்க மாட்டீங்குது, அதாச்சும் இருக்கட்டும்."

"செத்துப்போயிருமுங்க. சாயம், கெமிக்கல் எல்லாம் இருக்குதல்லங்க."

"சாகட்டும். அது செத்தா டெல்லியில இருந்து ஆள் வரும்னு சொல்றாங்க. கேஸு போடுவாங்க, ஜெயில்ல போடுவாங்க, டிவிக்காரன் வருவான். இத்தன மீனு செத்துது, தென்னை பட்டுது, இந்த ஊர்ல எத்தன பேரு வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். ஒருத்தனும் வல்ல. அதொண்ணு வந்து செத்துச்சுன்னாத்தான் எங்களுக்கு விடியும்."

டால்பின் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குச் சமம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பெரியவர் என்னைவிட நன்றாகச் சட்டம் படித்திருக்கிறார்.

திறப்பு விழாவுக்கு ஆள் பட்டியலும் தயார் செய்துவிட்டேன். ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழசு. இது தண்ணீர் சம்பந்தப்பட்ட விழா, முங்கித்தான் தொடங்கி வைக்க வேண்டும். முதல் முங்கு பையருக்கு, அவர் ஆடிட்டரோடு. அடுத்தது, எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கு. மூன்றாவது, தண்ணியின் அருமை தெரிந்த என் உறவுக்காரருக்கு. அமைச்சர்கள் எந்தக் கட்சியானாலும் வரலாம், அன்றைக்கு மட்டும் கூட்டணி பேதம் பார்க்க வேண்டாம். முகமூடியும் மூச்சுக்குழாயும் எங்கள் செலவு. வாயைத் திறக்காமல் அரை மணி நேரம் குப்புற மிதந்து, அடியில் என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொன்னால் போதும். சோப்பு மட்டும் கொண்டுவர வேண்டாம். ஆற்றில் ஏற்கெனவே இருக்கிறது என்று அமைச்சரே சொல்லிவிட்டாரே.