குலதெய்வம் எது, தம்பி?

நாளைக் காலை இன்டர்வியூ என்கிறாய். ஷூ இருக்கிறதா?

சிரிக்காதே. நாமக்கல் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வராண்டாவில் கண்ணால் பார்த்தேன். ஐந்து பேருக்கு ஒரே ஜோடி கறுப்பு ஷூ. உள்ளே போனவன் வெளியே வந்து கழற்ற, அந்தச் சூடு ஆறும்முன் அடுத்தவன் காலை நுழைக்கிறான். ஷூ எட்டாம் நம்பர், ஒரு பையனின் கால் ஒன்பது. விரலை மடக்கி நொண்டிக்கொண்டே போனான். 'உடல்மொழியில் தன்னம்பிக்கை போதாது' என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடம் அவன் படித்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம்.

ஆகவே பொய்களை நன்றாக மனப்பாடம் செய்துகொள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால், செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போன கதையைச் சொல்லித் தொலைக்காதே. சவால்களை நேசிப்பவன் என்று சொல், அதையும் ஆங்கிலத்தில் சொல். 'ஏன் எங்கள் கம்பெனி?' என்பார்கள். சோற்றுக்கு என்பதுதான் உண்மை. சொன்னால் வேலை கிடையாது. 'உங்கள் பலவீனம்?' என்றால், எடுத்த வேலையை முடிக்காமல் தூக்கம் வராது என்று அளந்துவிடு. கேட்கிறவரும் பத்து வருடத்துக்கு முன் இதே புளுகைச் சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாண்டு கழித்து நீ எங்கே இருப்பாய் என்றும் கேட்பார். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் தன் பெயர் உண்டா என்பது அவருக்கே தெரியாது.

சின்ன முதலாளிகளிடம் போனால் வேறு பாடத்திட்டம். எந்த ஊர், தம்பி? ஊரில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? ஜாவா படித்தவனிடம் கருப்பசாமியா அங்காளம்மனா என்று விசாரிப்பதில் என்ன தொழில்நுட்பமோ! சாதியைக் கேட்கவில்லையே என்று கையை விரிப்பார்கள். கேட்கத் துப்பில்லாமல்தானே சாமியைக் கேட்கிறீர்கள்? பெண்ணாக இருந்தால் கல்யாணம் எப்போது என்பதே முதல் கேள்வி.

இத்தனையும் தாண்டி வேலை கிடைத்தால், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடு, அசல் மார்க் ஷீட்டைக் கொடு என்பார்கள். அடகுக் கடைக்காரனாவது ரசீது தருவான். சம்பளம்? பெரிய மென்பொருள் கம்பெனிகளே புதிதாகச் சேருபவருக்குப் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் கொடுக்கின்றன. ஷூ விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

முகத்தைப் பார்த்து மார்க் போடுவதில் என்ன நடக்கும் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்த விஷயம். சிபாரிசும் லஞ்சமும் புகும் வழி என்று, மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. தனியார் கம்பெனிகள் மட்டும் இன்னும் டை முடிச்சில் திறமையைத் தேடுகின்றன.

பட்டம் வாங்கிய பிள்ளைகள் கிளார்க் வேலைக்கு ஏன் அலைகிறார்கள் என்று தொலைக்காட்சியில் அங்கலாய்க்கும் பெரியவர்களே, 2024-இல் தமிழக அரசின் குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

அந்த வேலைக்கு இன்டர்வியூ கிடையாது.