கேளுங்கள், வகையிடுகிறேன்!

கே: பிளஸ் டூவில் கால்குலஸைக் கண்டு ஓடியவன் நான். 45 வயதில் இணையத்தில் கற்க முடியுமா? (வாசகர், கரூர்)

ப: ஓடினீர்கள் அல்லவா? குறிப்பிட்ட நொடியில் என்ன வேகத்தில் ஓடினீர்கள் என்று சொல்வது வகையீடு. நொடிக்கு நொடி மாறிய அந்த வேகத்தையெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்று சொல்வது தொகையீடு. பாதிப் பாடம் முடிந்தது!

கே: எதில் தொடங்கலாம்? (மாணவி, திண்டுக்கல்)

ப: ‘த்ரீபுளூஒன்பிரவுன்’ யூடியூப் சேனலில் கிரான்ட் சாண்டர்சன் 2017-ல் வெளியிட்ட கால்குலஸ் தொடர். முதல் வீடியோவிலேயே வட்டத்தை வெங்காயம்போல வளையம் வளையமாக உரித்து, நிமிர்த்தி அடுக்கி, முக்கோணமாக்கிப் பரப்பளவைக் கண்டுபிடித்துவிடுகிறார். சொக்கிப்போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்து எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் டேவிட் ஜெரிசன் நடத்தும் 18.01 என்ற எண்ணுள்ள கால்குலஸ் பாடம். கணக்கு, விடை, தேர்வுத்தாள் எல்லாம் இலவசம்.

கே: ஸ்வீட் ஸ்டால் வைத்திருக்கிறேன். எனக்கெதற்கு இது? (வாசகர், சாத்தூர்)

ப: 12 அங்குலச் சதுர அட்டை. நாலு மூலையிலும் சின்னச் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்தால் மூடியில்லாப் பெட்டி. எவ்வளவு வெட்டினால் மிக்சர் அதிகம் பிடிக்கும்? ஓர் அங்குலம் வெட்டினால் 100 கன அங்குலம். மூன்று வெட்டினால் 108. வெட்டும் அளவை எக்ஸ் என்று வைத்துக் கொள்ளளவை வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமமாக்குங்கள். இரண்டு விடை வரும்: 2, 6. இரண்டுக்கு 128 கன அங்குலம். ஆறு அங்குலம் வெட்டினால் அட்டையே காலி! கணக்குக்கு அது தெரியாது, கடைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

கே: கால்குலஸைக் கண்டுபிடித்தது நியூட்டனா, லைப்னிட்ஸா? (வாசகி, மதுரை)

ப: தனித்தனியாக இருவருமே. ஆனால் 1712-ல் ராயல் சொசைட்டி விசாரித்து ‘நியூட்டனே முதல்வர்’ என்றது. அப்போது சொசைட்டியின் தலைவர்? நியூட்டன்! அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே. தீர்ப்பு அவருக்குப் போனாலும், உங்கள் பிள்ளை நோட்டில் எழுதுவது இன்றும் லைப்னிட்ஸின் குறியீடுதான்.

கே: வீடியோ பார்க்கையில் புரிகிறது, கணக்குப் போட்டால் வரவில்லையே? (மாணவர், ஓசூர்)

ப: புரிந்தது ஜெரிசனுக்கு! அவர் விடை எழுதுமுன் வீடியோவை நிறுத்தி நீங்கள் போட்டுப் பாருங்கள்.

கே: சான்றிதழ் கிடைக்குமா? (வாசகர், திருப்பூர்)

ப: எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் கிடைக்காது. கோர்சேராவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பாடம் இருக்கிறது; சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே டெய்லர் தொடர் என்ற கடினமான பகுதியில் இறங்குவார்கள். முதலில் ஜெரிசனை முடியுங்கள், அங்கே அப்புறம் போகலாம்.